ஐந்தை ஏழாக்கியவன்

நான்கு ஆட்டம் ஜெயித்தால் பட்டம் என்றிருந்த பேஸ்பால் லீக் சாம்பியன்ஷிப் தொடரில் மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் நின்ற அணி, அடுத்த மூன்று ஆட்டங்களையும் தோற்றுத் தொலைத்தது. வெற்றி விழாவில் ஷாம்பெயின் தெறித்து வீரர்களின் அலமாரிகள் நனையாமலிருக்கக் கட்டிய பிளாஸ்டிக் தாள்களை உடைமாற்றும் அறையின் ஊழியன் ஆர்வில் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அணியின் முதலாளி ஹார்கிரோவ் உள்ளே வந்தார்.

"ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே இதைக் கட்டுனவன் நீதானே? உன் கைராசிதான்யா கவுத்துடுச்சு. வேலைய விட்டுப் போ."

பதினெட்டு வருட வேலை. ஆர்வில் தாளைக் கீழே போட்டான்.

"போன வருஷம் வரைக்கும் அஞ்சு ஆட்டம்தானே முதலாளி? மூணு ஜெயிச்சாலே பட்டம். நாம நாலாவது ஆட்டத்துலயே மூணு ஜெயிச்சாச்சு. அஞ்சை ஏழாக்குனானே ஒருத்தன், அவன்தான் நம்மளக் கவுத்தான்."

முதலாளியின் முகம் தெளிந்தது. "அட, ஆமாய்யா. அந்த மடையன் யாருன்னு பார்த்து, பேப்பர்ல போட்டு நாறடிக்கிறேன். நீ இரு, போகாத."

செயலாளர் பெர்னிஸை அழைத்து, அணி முதலாளிகளின் கூட்டக் குறிப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

"யார் சொன்ன யோசனைன்னு சத்தமாப் படிம்மா."

பெர்னிஸ் தயங்கித் தயங்கிப் படித்தாள். "இரண்டு ஆட்டம் கூடினால், இரண்டு நாள் அரங்கம் நிரம்பும். முன்மொழிந்தவர், திரு. ஹார்கிரோவ்."

முதலாளி அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஆர்வில் பக்கம் திரும்பினார்.

"உனக்கு வாய் ரொம்ப நீளம். நாளையிலேருந்து வராத."