சின்னவனுக்குக் குளிரும்

சுவிஸின் ஓல்டன் ரயில் நிலையத்து மணிக்கூட்டின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. 2006ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தவராஜா ஈர மண்ணில் முழந்தாளிட்டுச் சின்னவனுக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

“கழுத்து வரைக்கும் இழுத்து விடும்,” என்றார் குகநாதன் அண்ணை, கதிரையில் இருந்தபடி. “போன முறை கழுத்தாலைதான் குளிர் இறங்கினது.”

சின்னவன் என்பது முழங்கால் உயரக் கறிவேப்பிலைக் கன்று. அவனுக்கு முன் மூன்று சின்னவன்கள் இருந்தார்கள். மூவரும் தை மாதப் பனியில் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்து ஊர்த் திரிம்பாக் கோயிலில் தவராஜா பந்தியில் அமர்ந்தால் யாராவது ஒருவர் வந்து துக்கம் விசாரிப்பார். இந்த முறையும் பட்டுப்போனால் கோயிலை மாற்றுவது என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

அந்த வாடகைத் தோட்டத்தில் அடுத்த துண்டுக் காணி குகநாதன் அண்ணையுடையது. அங்கே நிற்கும் கறிவேப்பிலை ஒன்பது குளிர்காலம் கண்டது என்று ஓல்டன் முழுக்கப் பேச்சு. அந்த வித்தையை அவர் சும்மா சொல்லிக் கொடுப்பாரா?

“முதல் என்ரை காணியைக் கொத்தும். கை பழகவேணும்.”

காலையிலிருந்து தவராஜா கொத்தினார். பட்ட தக்காளியைப் பிடுங்கி, எருப் பரப்பி, சருகு மூடி, பயற்றங்கொடித் தடிகளைக் கழுவி அடுக்கினார். தோட்டச் சங்கத்துக்காரர் குளிர்காலத்துக்குத் தண்ணீரைப் பூட்டுமுன் பீப்பாயையும் கவிழ்த்து வைத்தார். குகநாதன் அண்ணை தவராஜா கொண்டுவந்த தேநீரைக் குடித்துக்கொண்டே, கை பழகுகிறதா என்று கவனித்தார்.

அதன் பிறகுதான் சின்னவன் முறை வந்தது.

“அடியிலை தும்பு. மேலை நூல் சீலை ஏழு சுத்து. நைலெக்ஸ் சீலை கூடாது, மூச்சு முட்டும்.”

“சந்திரமதிக்குத் தெரியாமல் அவவின்ரை நல்ல சீலையைக் கொண்டுவந்திட்டன் அண்ணை.”

“மனிசிக்குத் தெரியாட்டில் நல்லது. பிறகு வெள்ளிக்கு வெள்ளி வந்து இதோடை கதைக்கவேணும்.”

“என்னத்தைக் கதைக்கிறது?”

“வெயிலைப் பற்றிக் கதையும்.”

தவராஜா ஏழாவது சுற்றை முடித்துவிட்டு அடுத்த காணியைப் பார்த்தார். பல நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்.

“அண்ணை, உங்கடை மரம் இப்ப என்ரை இடுப்பளவு. போன சித்திரையிலை முழங்காலளவுதானே நிண்டது. அதுக்கு முதல் ஐப்பசியிலையும் இடுப்பளவு. அது என்னெண்டு?”

“குளிருக்கு ஆரும் ஒடுங்கித்தானே நிப்பினம்? ஏன், நீர் இப்ப நிமிந்தோ நிக்கிறீர்?”

தவராஜா நிமிர்ந்து பார்த்தார். முடியவில்லை. காலையிலிருந்து கொத்திய முதுகு. அண்ணை சொன்னது சரியாகத்தான் பட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க, வெள்ளிக்கு வெள்ளி, முழங்காலளவு பனியில் நின்று வெயிலைப் பற்றிக் கதைத்தார். சித்திரை பிறந்து ஏழு சுற்றையும் அவிழ்த்தபோது உள்ளே தொப்பி போட்ட விறகு ஒன்று இருந்தது.

யாரும் பார்க்குமுன் தவராஜா சூரிச்சுக்கு ரயில் ஏறினார். காலரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு லாங்ஸ்ட்ராசத் தெருவில் ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தார். குருவை ஏமாற்றப் போகிறோமே என்று மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கல்லாவின் பின்னால் ஒரேயொரு கறிவேப்பிலைக் கன்று, முழங்கால் உயரத்தில், சட்டியோடு நின்றது.

“தங்கச்சி, அந்தக் கண்டைத் தாங்கோ. ஓல்டனிலை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

கடைக்காரி கோசலா கன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இது தரேலாது அண்ணை, வருசா வருசம் குகநாதன் அண்ணைக்கு எடுத்து வைக்கிறது.”