சூடு ஆறும்வரை

“அம்மா, இந்த வலைக்குள்ள நீல நூல் பிசிறா சிக்கியிருக்கே, எங்கேர்ந்து வந்துச்சு?”

மெக்கானிக் ஒரு பிசிறை இடுக்கியால் எடுத்துக் காட்டினான். வீட்டுக்காரம்மாவுக்குப் பகீரென்றது. அந்த வலை கம்ப்யூட்டர் பெட்டியின் மேல்பக்கம் இருந்தது. உள்ளே கொதிக்கும் காற்று வெளியேற அதுதான் வழி என்று அவள் நம்பியிருந்தாள்.

“எங்கேர்ந்தாவது பறந்து வந்திருக்கும் தம்பி. மூடிடுங்க. நல்லாத்தான் ஓடுது.”

“நல்லா ஓடினா உங்க பொண்ணு எதுக்கும்மா எனக்குத் திரும்பத் திரும்ப போன் பண்றாங்க? ‘கேம்ல சண்டை உச்சத்துல இருக்கும்போது அப்பாவைக் காணோம், கேட்டா பிராசசர் சூடாகி நின்னு போச்சுங்கறார்’னு ஒரே புலம்பல்.”

மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற அப்பாவுக்குப் பொழுது போகட்டும், தன்னோடு சேர்ந்து விளையாடட்டும் என்று இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அப்பாவுக்குப் பொழுது அமர்க்களமாகப் போயிற்று. அம்மாவுக்குத்தான் போகவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மனிதருக்கு இடி விழுந்தாலும் காதில் ஏறாது. வேலைக்குப் போன காலத்திலாவது சாயங்காலம் வந்து நாலு வார்த்தை பேசுவார். இப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார், பேச்சு மட்டும் இல்லை.

ஒருநாள் ஃபேனில் தூசி அடைத்து, பெட்டி தானாகவே நின்றுவிட்டது. “சூடு ஆறட்டும்” என்று சமையலறைக்கு வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்தார். உரித்ததில் பாதியை வாயில் போட்டுக்கொண்டே பழைய ஆபீஸ் கதை, மழைக்கு ஒழுகிய முதல் வாடகை வீடு, அதில் இரண்டு பேரும் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தது என்று பேசிக்கொண்டே போனார். அவளுக்கு ஊர்ப்பட்ட சந்தோஷம். மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்தத் தூசியைத் துடைத்து வைத்துவிட்டார், பாவி மனிதர்.

“தூசி கொஞ்சம்கூட இல்லை, ஃபேனும் சுத்துது” என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “உண்மையைச் சொல்லுங்கம்மா. மேல எதையாவது போட்டு மூடுறீங்களா?”

கணவர் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அவள் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

“நான்தான் தம்பி. ரூமைத் துடைக்கிற சாக்குல உள்ள போய் நீலத் துண்டை மடிச்சு மேல போட்டுடுவேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார். கொஞ்ச நேரத்துல பெட்டி நின்னுடும். அவர் எழுந்து வந்ததும் ஓடிப்போய் துண்டை எடுத்துடுவேன்.”

“ஏம்மா, சார் விளையாடறது உங்களுக்குப் பிடிக்கலையா?”

“நல்லா விளையாடட்டுமே! சூடு ஆறுற வரைக்கும் எங்கூடப் பேசுவார். அதுக்காகத்தான்.”

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். “தினம் இப்படிக் கொதிச்சா பிராசசர் ஒருநாள் ஒரேயடியாப் போயிடும்மா. இனிமே வேணாம்.”

“சரிப்பா, போடலை. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மானம் போயிடும்.”

“சத்தியமா சொல்லமாட்டேன்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கணவர் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார்.

“என்ன தம்பி, ஆபரேஷன் முடிஞ்சுதா? அதுவா ஆறிக்கும், எதுக்கு வீண் சிரமம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். என் பொண்ணு கேட்டாத்தானே!”

“இதோ சார். பழைய பசையைத் துடைச்சுட்டுப் புதுசா வைக்கிறேன். பிராசசர் சூட்டை ஃபேன் பக்கம் கடத்துறது அந்தப் பசைதான். அப்புறம் கனமான கேமாப் போட்டு, பாரத்தை ஏத்தி ஓட்டிப் பார்த்துடலாம்.”

அவள் பாலை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். மூலையில் அந்த ஸ்டூல் காலியாகக் கிடந்தது. நாளையிலிருந்து பெட்டி நிற்காது. அவர் எழுந்து வரமாட்டார். பேசுவதற்குப் பாத்திரங்களும் குழாயும்தான் மிச்சம். மகளோடு அவர் சிரித்து விளையாடுவதைக் கெடுத்தோமே என்று வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு டம்ளரில் டீயை ஊற்றி எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மெக்கானிக் குழம்பிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தான்.

“எவ்வளவு பாரம் ஏத்தினாலும் அசையலை சார். மேல்பக்கத்தை அட்டையால மூடிக்கூட ஓட்டிப் பார்த்துட்டேன். பின்னாடி இருக்கிற ஃபேனே சூட்டையெல்லாம் இழுத்துத் தள்ளிடுது. இது நிக்கிறதுக்கு வழியே இல்லையே!”

“அதுவா எங்க தம்பி நிக்குது?” கணவர் குரலைத் தாழ்த்தினார். “அவ துண்டைக் கொண்டு வந்து மேல போட்டா, எங்கூடப் பேசணும்போல இருக்குன்னு அர்த்தம். வாயைத் திறந்து கேக்க மாட்டா. நான்தான் சுவிட்சை அணைச்சுட்டு எழுந்து போவேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”