ஐஸ் பெட்டிக்குள் ஆட்டு மூளை

திருப்பதிக் கறிக்கடையில் ஐஸ் பெட்டியோடு நிற்கிறாள் துர்காதேவி; நகரி தறிக்காரர் மகள், யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி. மூளையில் உள்ள என்சைம்கள் ஹார்மோனைத் துண்டுதுண்டாக நறுக்கும் என்கின்றன புத்தகங்கள். மூன்று மாதமாக இந்தக் கடை ஆட்டு மூளையை அரைத்து ஹார்மோனோடு கலக்கிறாள். ஒரு துண்டுகூட விழவில்லை. தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் கைடு. இன்று உள்ளறைத் திரையைத் துவைக்கப் போட்டிருக்கிறார்கள். காலை வெயில் நேராக உள்ளே விழுகிறது. கடைக்காரர் நாகபூஷணம், பிளந்த தலையிலிருந்து மூளையை இரு கைகளாலும் பூப்போல எடுத்து, ஆவி பறக்கும் வெந்நீரில் இறக்குகிறார். கொழகொழவென்று இருந்தது வெந்த முட்டைபோல் வெளுத்துக் கெட்டியாகிறது. ஆட்டு மூளையே கெட்டிதான் என்று இதுவரை நினைத்திருந்தவள் உள்ளே எட்டிப் பார்க்கிறாள். "இன்னாண்ணா, வேக வெக்கிறீங்க? என்சைமெல்லாம் செத்துடுமே." கரண்டியில் தண்ணீரை வடித்தபடி அவர் சொல்கிறார்: "எல்லாருக்கும் பச்சையாதான்மா குடுக்கறேன். ஆஸ்டல் புள்ள, அடுப்புக்கு எங்க போவும்னு மூணு மாசமா உனுக்கு மட்டும் இப்டி." மூளையை ஐஸ்மேல் பதமாக வைக்கிறார். அவள் மூடியைக் கையில் எடுக்கிறாள். "இன்னிக்கு மெளகும் தூவிக்கீறேன்," என்கிறார்.