குழு விவாதத்தில் ஆமை

காட்டிலேயே பேர்போன பிசினஸ் ஸ்கூலில் ஒரே ஒரு சீட் மிச்சமிருந்தது. நுழைவுத் தேர்வில் தேறிய ஆமையையும் தவளையையும் குழு விவாதத்துக்கு உட்காரவைத்தார் பேராசிரியர் கொக்கு.

"பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதன் அவசியம்" என்று அவர் தலைப்பை வாசித்துக்கொண்டிருக்கும்போதே தவளை பேச ஆரம்பித்துவிட்டது. கோச்சிங் சென்டரில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மணி அடிக்கும்வரை அது நிறுத்தவேயில்லை.

சீட் தவளைக்குத்தான்; கழுத்தில் மாலையும் விழுந்தது.

"நீ வாயே திறக்கலையே தம்பி" என்றார் கொக்கு.

"அவர் பேசுறதைக் கேட்டுக்கிட்டிருந்தேன் சார்" என்றது ஆமை.

"ரொம்ப நல்ல குணம். ஆனா நாங்க இங்கே தலைவர்களை உருவாக்குறோம்பா."

வெளியே வந்ததும் தவளை கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டு ஆமையிடம் மெல்லக் கேட்டது:

"ஏம்ப்பா, இன்னிக்கு என்ன தலைப்பு கொடுத்தாங்க?"