மாஸ்டர் வைத்த பெயர்

மாதா கோயில் மைதானத்தின் செம்மண்ணில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. மனைவி ரீனா இறந்தபின் இன்றுதான் பூப்பந்து ஆட வந்திருக்கிறேன். எல்லோரும் எனக்கு மெதுவான பந்தாகவே போடுகிறார்கள். தவறவிட்டாலும் கேலி செய்வதில்லை. மட்டையைப் பிடித்த கை மரத்துக் கிடக்கிறது. மஞ்சள் பந்து மறுபடியும் என்னைத் தாண்டிப்போய் மண்ணில் உருள்கிறது. "ஏலே புதுமாப்ள, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்று கத்திய பயிற்சியாளர் ராயப்பராஜ் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறார். என் கல்யாணத்தன்று அவர் வைத்த பெயர் அது. ரோட்டில் செம்பட்டி பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்கிறது. பந்தை எடுத்து அவரிடம் வீசுகிறேன். "முழிச்சுட்டேன் மாஸ்டர். இனி வேகமாப் போடுங்க." அவர் விசிலை ஊதிவிட்டு ஓங்கி அடிக்கிறார். பந்து மட்டையில் பட்டதும் உள்ளங்கை சுரீரென்கிறது. வலிக்கிறது. நன்றாக இருக்கிறது.