முதல் வளையம்

வளையம் கிட்ட இருந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள். தூண்டில் கோலின் கைப்பிடிக்கு இவ்வளவு பக்கத்தில் முதல் வளையம் இருந்து அவள் கண்டதே இல்லை.

அவர் வளையம் கட்டுகிற நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அறையைப் பூட்ட மறந்துவிட்டார்.

ஆமாம், இப்போதெல்லாம் பூட்டுகிறார்.

மடியில் கனம் இல்லாத மனுஷன் எதற்காகப் பூட்ட வேண்டும்?

குன்னூரில் டிரவுட் மீனுக்குக் கோல் கட்டுவது அவருக்குத் தொழில் இல்லை, பைத்தியம். கோல் ஆளுக்கு ஆள் வேறு. சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரிதான். தூண்டில் நூல் ஓடுகிற முதல் வளையத்தை, பிடிப்பவரின் இடது கை எட்டுகிற தூரத்தில் வைக்க வேண்டும். அங்கிருந்து மற்ற வளையங்கள் நுனி வரைக்கும் நெருங்கி நெருங்கிப் போகும். முதல் வளையம் நகர்ந்தால் எல்லாம் நகரும்.

தனக்கென்று அவர் கட்டுகிற கோலுக்கு அந்த அளவை எடுப்பது அவள்தான். கல்யாணமான வருஷத்திலிருந்து அதுதான் வழக்கம். அவர் வலது கையில் கோலைப் பிடித்து இடது கையை நீட்டுவார். கை போய் நிற்கும் இடத்தில் அவள் டேப்பைக் கிழித்து ஒட்டுவாள்.

இந்தக் கோலுக்கு அவளைக் கூப்பிடவில்லை.

"யாருக்குங்க இது?" என்று நேற்றுக் கேட்டாள்.

"எனக்குத்தான்."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

யார் காதில் பூ சுற்றுகிறார்? அவர் கை பரணை எட்டும் கை. இது குட்டைக் கைக்கு வைத்த வளையம். அவள் கோலை எடுத்து இடது கையை நீட்டிப் பார்த்தாள். அவளுக்கே முழங்கை மடங்கியது.

தனக்குத்தானோ என்று ஒரு நொடி மனசு குதித்தது. சீ, ஆசையைப் பார். ஆற்றில் கால் நனைத்தால் ஒரு வாரம் தும்முகிற உடம்புக்குத் தூண்டில் கோலா?

வளையத்துக்கு அப்பால் பழைய டேப்பின் பசைத் தடம் இருந்தது. இன்னும் அப்பால் இன்னொன்று. ஓஹோ. வந்து வந்து அளவு கொடுத்துவிட்டுப் போகிறாளாக்கும்.

குட்டைக் கை என்றால் ரோசலின் டீச்சர்தான்.

போன சீசனில் மீன்பிடி சங்கத்தில் சேர்ந்தவள். கான்வென்டில் பாட்டு சொல்லித் தருகிறாள். ஐந்தடி இருந்தால் அதிகம். "சார், எனக்குக் கை எட்டவே மாட்டேங்குது" என்று அணைக்கரையில் எல்லோர் முன்னாலும் சிரித்தாள். அன்றைக்கு இவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

பழைய கியர் ஸ்கூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டார். பஸ்ஸில் போகிறார். அந்த டீச்சரும் பஸ்தான். தலை வழியாகப் போடுகிற ஸ்வெட்டரெல்லாம் பெட்டிக்குப் போயின. ஜிப் வைத்த ஜெர்கின் வந்தது. இந்த வயதில் ஜெர்கின்! பரணிலிருந்து அண்டாவை இறக்கச் சொன்னால், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். தூங்கும்போதும் முதுகைத்தான் காட்டுகிறார்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

கேட் சத்தம் கேட்டது.

அவள் சமையலறைக்கு ஓடினாள். டீ கொதிக்கிற வரைக்கும் கேள்விகளை மனசுக்குள் அடுக்கினாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது.

டம்ளரோடு வந்தாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை. இடுக்கில் கண்ணை வைத்தாள்.

அவர் தனியாகத்தான் இருந்தார்.

ஜன்னல் வெளிச்சத்தில் நின்றிருந்தார். வலது கையில் அந்தக் கோல். இடது கையை வளையத்துக்கு நீட்டினார்.

கை பாதியில் நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் நீட்டினார். வளையத்துக்கு இன்னும் ஒரு விரற்கடை இருந்தது.

கோலை மேஜையில் வைத்தார். வலது கையால் டேப்பை உரித்தார். வளையத்தைக் கைப்பிடிப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு அடுத்த வளையம். அதற்கடுத்தது.

ஸ்கூட்டருக்குக் கிளச் இடது பக்கம்.

ஸ்வெட்டருக்குக் கையைத் தூக்க வேண்டும். அண்டாவுக்கும்தான். அந்தப் பசைத் தடங்கள், இந்தக் கை முன்னால் எட்டிய இடங்கள்.

எனக்குத்தான் என்று சொன்னாரே.

அந்த டீச்சராகவே இருந்திருக்கக் கூடாதா, கடவுளே. அவளைத் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

டீயில் ஆடை படிந்துவிட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். அவர் சட்டென்று இடது கையை ஜெர்கின் பைக்குள் விட்டுக்கொண்டார்.

டம்ளரை அவருடைய வலது பக்கம் வைத்தாள். டேப்பை எடுத்துக்கொண்டாள்.

"கையை நீட்டுங்க. நான் ஒட்டறேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோலை எடுத்தார். பையிலிருந்து இடது கையை வெளியே எடுத்து நீட்டினார்.

அது போய் நின்றது.

அவள் டேப்பைக் கிழித்தாள். நின்ற இடத்தில் ஒட்டவில்லை. ஒரு விரற்கடை இந்தப் பக்கம், கைப்பிடிக்குக் கிட்ட ஒட்டினாள்.

சீசன் தொடங்க இன்னும் நாள் கிடந்தது.

அளவு தப்பு என்று அவர் சொல்லவில்லை.