சத்தம் குறைந்த துவக்கு

“கையிலை எண்பது யூரோதான் இருக்கு, சவிரிமுத்தண்ணை. அதுக்குள்ளை என்ன துவக்கு வாங்கலாம்?”

குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த கோசலையின் கை அப்படியே நின்றது. துப்பாக்கிக்கு விலை கேட்டது அவள் கணவன் கரிகாலன்.

பாரிசில் ரூ பெர்தொனே தெருவில் அவர்களுடைய சாப்பாட்டுக் கடை சின்னது. மத்தியானச் சனம் போனபிறகு முன் மேசையில் பேசுவதெல்லாம் தடுப்புப் பலகையைத் தாண்டிக் கேட்கும். சவிரிமுத்து, வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்றில் துப்புரவு வேலை செய்கிறவர். எதைக் கேட்டாலும் அக்குவேறு ஆணிவேறாக விளக்காமல் விடமாட்டார்.

“ரெண்டு விதம் இருக்கு, தம்பி. ஒண்டு, கைபிடிக்குள்ளை ரவைக்கூடு செருகிறது. ஒரு ரவை வெடிக்காட்டில் நிண்டு இழுத்து எடுக்க வேணும். மற்றது, சுத்துற உருளை. ஒண்டு வெடிக்காட்டில் விசையைத் திரும்ப இழு, உருளை சுத்தி அடுத்தது முன்னுக்கு வந்திடும். மலிவுக்கு அதுதான் நம்பிக்கை.”

யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு ரவை என்றால் உப்புமாவுக்கு முன்னால் தோட்டாதான் நினைவுக்கு வரும். கோசலை அடுப்பை அணைத்தாள்.

“ஆராவது முந்தி ஓடத் தொடங்கினால்?”

“உடனை ரெண்டாவது வெடியை வை. நிண்டிடுவினம். எத்தினை பேர்?”

“ஒரு தரத்துக்கு எட்டுப் பேர். வரிசையாக் குனிஞ்சு நிப்பினம்.”

“சின்னப்பிள்ளையளும் இருக்கினமோ?”

“ஓம். முதல் அவையள்தான். ஆறு வயசுக்குக் கீழை.”

அம்மாளாச்சி! கோசலை தடுப்புப் பலகையோடு காதை ஒட்டினாள். பாரிசுக்கு வந்து ஏழு மாதம்தான். வட்ஸ்அப் வீடியோவில் பார்த்துக் கட்டிய மாப்பிள்ளை. அதிர்ந்து ஒரு சொல் பேசாதவன் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பொலிசுக்குப் போன் எடுக்கலாம். எடுத்து? அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும்தான். இவன் பிடிபட்டால் அவளுடைய விசாவும் போய்விடும். பிடிபடாவிட்டால், எட்டுப் பிள்ளைகள்.

“அப்ப ஒன்பது மில்லிமீற்றர் வேண்டாம். ஆறு மில்லிமீற்றர் எடு,” என்றார் சவிரிமுத்து. “ரவை சின்னன். வெடிமருந்து குறைய, அதாலை சத்தமும் குறைய. ரவைப் பெட்டியோடை எழுபத்தஞ்சுக்குள்ளை முடியும்.”

“சத்தம் குறைஞ்சால் போதும், அண்ணை. போன வருசம் மாதிரி வரக் கூடாது.”

போன வருசமுமா!

அவளுக்குள் ஏதோ அறுந்தது. சுவரில் தொங்கிய பெரிய தாச்சிச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தாள்.

“பிள்ளையளைத் தொட முதல் என்னைச் சுடுங்கோ!”

பாய்ந்த வேகத்தில் தாச்சி கை நழுவி, ஓடு பதித்த நிலத்தில் விழுந்தது. ‘டமார்!’

கோசலை நிமிர்ந்து பார்த்தாள். மேசைமேல் தேநீரில் மட்டும் ஆவி பறந்தது. ஆண்கள் இருவரையும் காணவில்லை.

குனிந்தாள். மேசைக்கு அடியில் இருவரும் தலையைக் கையால் பொத்திக்கொண்டு குப்புறக் கிடந்தார்கள்.

“ஆரையும் சுடப் போகேல்லையப்பா,” என்றான் கரிகாலன், முகத்தை நிமிர்த்தாமலே. “ஞாயிற்றுக்கிழமை திரான்சி மைதானத்திலை பிள்ளையளின்ரை விளையாட்டுப் போட்டி. ஓட்டத்தைத் துவக்கத்தான் துவக்கு. குண்டில்லை, வெறும் சத்தம்.”

“அதுக்கு ஏன் சத்தம் குறைஞ்சது தேடுறியள்?”

சவிரிமுத்து கிடந்தபடியே விளக்கினார்.

“போன வருசம் பெரிய துவக்கு, தங்கச்சி. வெடி வைச்சவுடனை இஞ்சை பிறந்த பிள்ளையள் நேரை ஓடிச்சினம். பார்க்க வந்த தாய்தகப்பன் நூறு பேரும் இப்பிடித்தான் படுத்திட்டம்.”